பேய்த்தொப்பி

'நாரை' விண்கலம் ஆறு வருடங்களாக அண்டவெளியில் பறந்துகொண்டிருந்தது. அந்த ஆறு வருடங்களில் அது வளசரவாக்கத்தை விட்டு ஓர் அடிகூட நகர்ந்ததில்லை. பிளைவுட் கலம். மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும். அப்போதெல்லாம் கேப்டன் இமயன் கதவைத் திறக்கமுடியாமல் வெளியே நின்று தட்ட, உள்ளே இருக்கும் தச்சர்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுப்பார்கள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, ஊரெல்லாம் குக்கரில் கறி வெந்துகொண்டிருக்கும் நேரத்தில், கேப்டனும் அவருடைய மூன்று துணைவர்களும் ஏதாவதொரு கிரகத்தைக் காப்பாற்றுவார்கள். காப்பாற்றப்பட்ட கிரகங்கள் முந்நூற்று ஒன்பது. எல்லாமே செங்கல்பட்டுப் பக்கம் இருந்த ஒரே கல்குவாரி.

இத்தனையையும் எழுதியவள் செண்பகவல்லி. 'கதை, வசனம்' என்று அவள் பெயர் திரையில் ஒன்றரை விநாடி வரும். கூர்மையான பார்வை உள்ளவர்கள் 'செண்பக' வரைக்கும் படித்துவிடலாம்.

முந்நூற்றுப் பத்தாவது எபிசோடுக்காக நிகழ்ச்சித் தலைவர் கிருபாகரன் அவளைக் கூப்பிட்டார். போன வருடம்தான் சேனலுக்கு வந்தவர். அதற்கு முன் பற்பசை விற்கும் கம்பெனியில் இருந்தார். விண்வெளிக்கும் பற்பசைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டிலும் பளபளப்புதான் முக்கியம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லி எல்லோரையும் கதிகலங்க வைத்தவர்.

"மேடம், சமையல் போட்டிக்காரங்க நம்மள முந்திட்டாங்க. ஒரு அதிரடி வேணும். நம்ம துணைவர்கள் மூணு பேரும் ஒரு கிரகத்துல மாட்டிக்கிறாங்க. அந்தக் கிரகம் அவங்கவங்க மனசுல இருக்கிற பயத்தை எடுத்து அவங்க முன்னாடியே நிறுத்துது. எப்படி?"

"நல்லா இருக்கு சார். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிடறேன்."

"எழுத வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் கூப்பிட்டேன்."

ஆழ்மனத்திலிருந்து பயத்தைப் படமாகவே எடுத்துவிடும் இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது, நடிகர்களைத் தூங்கவைத்து அவர்களுடைய உண்மையான கெட்ட கனவுகளையே எபிசோடாகப் போட்டுவிடலாம், நடுநடுவே ஒட்டுவதற்கு நாலு வரி வசனம் இருந்தால் போதும் என்று அவர் விளக்கினார்.

"கேப்டனோட கனவையும் எடுக்கறீங்களா சார்?"

"கேப்டனுக்குப் பயமே கிடையாது மேடம். கேப்டன் வேஷத்துக்கு ரிஷிவரன் சார் போட்ட ஒப்பந்தத்துல பதினாலாவது ஷரத்து."

மறுநாள் இயந்திரம் வந்து இறங்கியது. அழகு நிலையங்களில் தலைமுடி காயவைக்கும் கவிழ்த்த குடம் போல ஒன்று, அதிலிருந்து பிரியும் நூறு ஒயர், பக்கத்தில் ஒரு திரை. கம்பெனி அதற்கு நீளமான பெயர் வைத்திருந்தது. லைட் ஆட்கள் பத்து நிமிடத்தில் 'பேய்த்தொப்பி' என்று மாற்றினார்கள். அதை இயக்க மீனலோசனி என்ற இளம் பொறியாளர் வந்திருந்தாள். எல்லோரையும் புன்னகையோடு பார்த்தாள், பல் டாக்டர்கள் பார்ப்பதைப் போல.

"மத்தியானம் சாப்பிட்டதும் வர்ற தூக்கம்தான் இதுக்கு சரியா வரும். முழுத் தூக்கமும் இல்லை, முழிப்பும் இல்லை. சாம்பார் சாதம் கொடுத்துடுங்க, போதும்" என்றாள்.

முதல் ஆள் நஸ்ரின். கலத்தின் மருத்துவர் யாழாக நடிப்பவள். 'உங்கள் பயம் என்ன?' என்ற படிவத்தில் 'பல்லி' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். கிருபாகரன் அதை நம்பி, கிராபிக்ஸ்காரர்களிடம் யானை அளவில் ஒரு பல்லிக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். எடுப்பது உண்மைப் பயமாக இருந்தாலும் கையிருப்பில் ஒன்று இருக்கட்டும் என்ற முன்யோசனை.

நஸ்ரின் தொப்பிக்குள் தலையைக் கொடுத்து எட்டாவது நிமிடத்தில் மெல்லக் குறட்டை விட்டாள். திரையில் முதலில் வெறும் புகை. அப்புறம் புகை விலகி ஒரு தளம் தெரிந்தது. இதே ஸ்டூடியோவின் நான்காம் படப்பிடிப்புத் தளம். முப்பதடி உயரத்தில், கேப்டனின் நீலச் சட்டையில் ஒரு மனிதன் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே நஸ்ரின், கையில் காகிதத் தட்டு, தட்டில் வாழைக்காய் பஜ்ஜி. மேலே கப்பி ஒருமுறை உதறியது. கம்பி தளர்ந்தது. அவன் விழுந்தான்.

பல்லி எதுவும் வரவில்லை. திரையில் இருந்த நஸ்ரின் ஒரு பஜ்ஜியை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்க முடியவில்லை. இன்னொன்றை எடுத்தாள். தட்டு காலியாகவே இல்லை. தரையில் கிடந்தவன் கண்ணை மூடாமல் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

செண்பகவல்லி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனிதனை அவளுக்குத் தெரியும்.

அவன் பெயர் செவத்தையா. கேப்டனின் டூப். கேப்டன் தாண்டிய பள்ளம், குதித்த மலை, உடைத்த கண்ணாடி எல்லாம் அவன் தாண்டி, குதித்து, உடைத்தவை. பிறகு ரிஷிவரன் வந்து நின்று மூச்சு வாங்குவார். அதை மட்டும் அவரே சொந்தமாகச் செய்வார். மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், கப்பி தேய்ந்திருக்கிறது என்று காலையிலேயே சொல்லியும், ஞாயிற்றுக்கிழமைக்குப் படம் வேண்டும் என்று அவனை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. குடித்துவிட்டு ஏறினான், பாதுகாப்புப் பட்டையைத் தானே கழற்றிவிட்டான் என்று சேனல் ஒரு பக்க அறிக்கை கொடுத்தது. துணைவர்கள் மூவரும் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த அறிக்கையை எழுதியது செண்பகவல்லி. தொடர் நின்றால் இருநூறு பேர் வேலை போய்விடும் என்று அப்போதைய மேலாளர் சொன்னார். அந்த இருநூறு பேரில் தானும் ஒருத்தி என்பதை அவர் சொல்லாமலே அவள் புரிந்துகொண்டாள். ஆறு வருடங்களில் அவள் எழுதியவற்றில், ஓர் எழுத்துகூடத் திருத்தப்படாமல் அப்படியே வெளியே போனது அந்த ஒரு பக்கம்தான்.

அவளுக்கும் கனவு உண்டு. அவள் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள், முதுகுக்குப் பின்னால் செவத்தையா நின்று படித்துக்கொண்டிருப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான். அவள் முடிக்கும்வரை காத்திருப்பான், அவ்வளவுதான்.

தொப்பியைக் கழற்றியதும் நஸ்ரின் சோம்பல் முறித்தாள். "அக்கா, பல்லி வந்துச்சா?"

செண்பகவல்லி திரையைக் காட்டினாள். மீனலோசனி படத்தை மறுபடி ஓட்டினாள். நஸ்ரின் கன்னத்தில் கை வைத்துக் கடைசிவரை பார்த்தாள்.

"ஓ, இதுவா" என்றாள். "டீ வந்துருச்சா?"

தைரியசாலிப் பெண், மறைக்கப் பார்க்கிறாள் என்று செண்பகவல்லி நினைத்தாள்.

அடுத்த நாள் பெஞ்சமின் துரைப்பாண்டி. கலத்தின் பொறியாளர். தூத்துக்குடிக்காரர், படிவத்தில் 'ஆழ்கடல்' என்று எழுதியிருந்தார். திரையில் கடல் இல்லை. அதே தளம், அதே கம்பி, அதே விழுதல். அதன்பின் ஒரு மேஜை. துரைப்பாண்டி கையெழுத்துப் போடுகிறார். போட்ட தாளை எடுத்தால் அடியில் இன்னொரு தாள். கை நிற்கவில்லை. மேஜைக்கு மறுபக்கம் வரிசையில் ஆட்கள் நின்று, "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் நாள் கோதண்டம். 'மணி-9' என்ற இயந்திர மனிதனாக ஆறு வருடம் தகர உடைக்குள் வாழ்பவர். அவர் முகத்தைப் பார்த்தால் ரசிகர்களுக்கு அடையாளம் தெரியாது, வீட்டுக்காரம்மாவுக்கே சமயத்தில் சந்தேகம் வரும். படிவத்தை அவர் நிரப்பவே இல்லை. திரையில் எல்லாம் இரண்டு சின்னத் துவாரங்கள் வழியாகத் தெரிந்தது. கப்பி உதறுகிறது. "கப்பி! கப்பி! எறக்குங்கடா அவன!" என்று ஒரு குரல் கத்துகிறது. தகரத்துக்குள் கத்திய குரல் தகரத்துக்குள்ளேயே சுற்றுகிறது. வெளியே எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

கிருபாகரன் எழுந்து நின்று கை தட்டினார்.

"மூணு பேருக்கும் ஒரே பயம்! கேப்டன் சட்டை போட்டவர் விழுறார். கேப்டனை இழந்துடுவோமோங்கிற பயம். இதைவிட விசுவாசத்தை யாராவது எழுத முடியுமா மேடம்? சொல்லுங்க, உங்களால முடியுமா?"

"முடியாது சார்" என்றாள் செண்பகவல்லி. அது உண்மைதான்.

செய்தி கேட்டு ரிஷிவரனே கேரவனிலிருந்து இறங்கி வந்தார். மூன்று படங்களையும் பார்த்தார். கண் கலங்கினார். மேக்கப் கலையாதபடி, மெல்லிய காகிதத்தை மூலையில் மட்டும் ஒற்றி எடுத்தார்.

"என் மேல இவ்வளவு பாசமா வெச்சிருக்காங்களா? எனக்குத் தெரியாமப் போச்சே." பிறகு திரையை உற்றுப் பார்த்தார். "ஆனா முகம் வேற யாரோ மாதிரி இருக்கே. இவன்... நம்ம பழைய டூப்பு இல்ல? என்னமோ ஐயான்னு வருமே பேரு."

"செவத்தையா" என்றாள் செண்பகவல்லி.

"கரெக்ட். நல்ல பையன். சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான்."

அவர் போனதும் செண்பகவல்லி கிருபாகரன் அறைக்குள் நுழைந்தாள். கதவைச் சாத்தினாள்.

"சார், நீங்க புதுசா வந்தவரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. விழுறது கேப்டன் இல்ல. அது நிஜமா நடந்தது."

"தெரியும் மேடம்." அவர் குரல் தணிவாக, கிட்டத்தட்ட அன்பாக இருந்தது. "முதல் படம் வந்த அன்னிக்கே வக்கீல்கிட்ட காட்டிட்டேன். அதனாலதான் முகத்தை மாத்துறோம். ரிஷி சார் முகத்தை வெச்சுட்டா அது கற்பனை ஆயிடும். நீங்க அந்த நாலு வரியை எழுதிடுங்க. உங்களுக்கு இந்த மாதிரி எழுதறது நல்லா வருமாமே. பழைய ஃபைல்ல பார்த்தேன்."

அவள் எழுதிக் கொடுத்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். 'கேப்டன் இல்லாத அண்டவெளியில் எங்களுக்கு நட்சத்திரம் எதற்கு?' என்று மருத்துவர் யாழ் கண்ணீரோடு கேட்பதாக எழுதினாள். ஓர் அடித்தல்கூட இல்லை. அத்தனை வருடப் பழக்கம்.

எழுதி முடித்த கையோடு மீனலோசனியைத் தேடிப் போனாள். தொப்பியை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

"ஒரிஜினல் எனக்கு ஒரு காப்பி வேணும்."

"அழிச்சாச்சு மேடம். முகம் மாத்தினதும் மூலத்தை அழிக்கணும்னு ஒப்பந்தம்."

"அப்ப மறுபடி எடுத்துக் கொடுங்க. மூணு பேரையும் நான் உக்கார வைக்கிறேன்."

மீனலோசனி கட்டுவதை நிறுத்தினாள். "அது முடியாது. உங்களுக்கு யாரும் சொல்லலையா? இது போட்டோ எடுக்கிற மாதிரி இல்ல. முள் எடுக்கிற மாதிரி. வெளிய எடுத்தாத்தான் பார்க்க முடியும். எடுத்துட்டா உள்ள இருக்காது."

"உள்ள இருக்காதுன்னா? மறந்துடுவாங்களா?"

"நடந்தது ஞாபகம் இருக்கும். அது ஏன் குத்துச்சுங்கிறது இருக்காது. மத்தபடி நல்லாத் தூங்குவாங்க." அவள் தயங்கினாள். "பக்க விளைவுன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கோம். அதையே தனியா விக்கலாமான்னு எங்க முதலாளி யோசிச்சிட்டிருக்காரு."

எபிசோடு வெளியானது. சமையல் போட்டி மண்ணைக் கவ்வியது. கம்பியில் தொங்கும் ரிஷிவரன் கம்பீரமாக விழுந்தார், விழும்போதும் தலைமுடி கலையவில்லை. நஸ்ரினின் பஜ்ஜிக் காட்சிக்கு ஒரு விமர்சகர், 'பசியும் பக்தியும் மோதும் இடம்' என்று எழுதினார். ஒரு கல்லூரிப் பேராசிரியர் துணைவர்களின் தலைவன்-பற்று பற்றி நாற்பது நிமிடம் பேசி இணையத்தில் போட்டார். இயக்குநருக்குப் பாராட்டு விழா நடந்தது. துரைப்பாண்டி வெளியே போனால், "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று ஜனங்கள் ஆட்டோகிராப் கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். அதைத்தான் செண்பகவல்லியால் தாங்க முடியவில்லை.

அந்த வாரம் அவளுக்குக் கனவு தினமும் வந்தது. செவத்தையா இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்று படித்தான்.

செவத்தையாவின் மனைவி பூமயில் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தது செண்பகவல்லிக்குத் தெரியும். குடியே தெரியாத மனுஷனைக் குடிகாரன் என்று எழுதிவிட்டார்கள், அதை மாற்றுங்கள் என்று மூன்று வருடமாக நடந்துகொண்டிருந்தாள் அந்தப் பெண். பார்த்த சாட்சி ஒருவர்கூட வரவில்லை. இப்போது போனால் நாலு பேராகப் போகலாம் என்று செண்பகவல்லி கணக்குப் போட்டாள்.

முதலில் நஸ்ரினிடம் போனாள். மேக்கப் அறையில் கண்ணுக்கு மை இட்டுக்கொண்டிருந்தாள் நஸ்ரின்.

"வந்து நடந்ததைச் சொல்லிடலாம்மா. நாலு பேரும் சேர்ந்து. தப்பா கையெழுத்துப் போட்டோம்னு சொல்லிடலாம்."

"எதுக்குக்கா?" அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, பயமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "பாவம்தான். ஆனா முடிஞ்சு போச்சே. மூணு வருஷமா எண்ணெய்ப் பண்டமே வாயில வைக்க முடியாம இருந்தேன். இப்பத்தான் நல்லா சாப்பிடறேன், தூங்கறேன். எதுக்குக் கிளறணும்?"

துரைப்பாண்டி இன்னும் கனிவாகப் பேசினார். "எக்கா, நீங்க ரொம்ப எளைச்சுட்டீங்க. அந்தத் தொப்பிக்காரப் பிள்ளைய மறுபடி கூப்பிட்டு நீங்களும் ஒருக்கா உக்காருங்க. சும்மா காத்து மாதிரி ஆயிருவீங்க."

கடைசி நம்பிக்கை கோதண்டம். அவர் ஒருவர்தான் அன்று கத்தியவர். காலையில் கப்பியைப் பற்றி முதலில் சொன்னவரும் அவரே. தகர உடையின் தலையை மட்டும் கழற்றி மடியில் வைத்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"கோதண்டம் அண்ணே, நீங்க அன்னிக்குக் கத்துனீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். ஊரில் யாருக்கோ நடந்ததை ஞாபகப்படுத்திக்கொள்வது போல இருந்தது.

"கத்தினேனா? கத்தியிருப்பேன்மா" என்றார். மிச்ச மோரையும் குடித்தார். "நல்ல மனுசன் அவன். என்னாத்த சொல்றது."

மூன்று பேரும் கெட்டவர்கள் அல்ல. ஒருவர்கூட அவளை மிரட்டவில்லை, மறுத்துச் சண்டை போடவில்லை. மூன்று வருடங்களாக அவர்களைத் தூங்கவிடாமல் செய்த ஒன்று, அவர்களை என்றைக்காவது ஒருநாள் அந்த நீதிமன்றப் படியேற வைத்திருக்கும். அதைத்தான் சாம்பார் சாதம் போட்டு, படுக்கவைத்து, வலிக்காமல் எடுத்துவிட்டார்கள். ஞாயிறு பதினொரு மணிக்கு ஒளிபரப்பியும்விட்டார்கள்.

அன்று மாலை கிருபாகரன் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "மேடம், மீனலோசனிகிட்ட பேசிட்டேன். சேனல் சார்பா உங்களுக்கு ஒரு அமர்வு, எங்க அன்பளிப்பு. நாளைக்கு மத்தியானம். சாப்பிட்டு வந்துடுங்க."

அவள் தலையாட்டினாள்.

மறுநாள் மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. ஆட்டோ பிடித்து நெற்குன்றம் போனாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் கடை. ரவிக்கைத் துணிகள் குவிந்து கிடந்தன. பூமயில் வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்தபடி தலை நிமிர்ந்தாள்.

"ரவிக்கையா? பதினஞ்சு நாளாகும்."

"ரவிக்கை இல்லைங்க. நான் 'நாரை' தொடர்ல வேலை பாக்குறேன். உங்க வீட்டுக்காரர் குடிச்சிருந்தார்னு ஒரு அறிக்கை கொடுத்தாங்க இல்லையா? அதை எழுதினது நான்."

பூமயில் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக ஊசி மெத்தையில் குத்தினாள். கத்துவாள் என்று செண்பகவல்லி எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பார்த்தேன், போன வாரம்" என்றாள் பூமயில். "முகம் அந்த நடிகரு. விழுந்தது இவரு. இவரு விழுற விதம் எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை பழகறப்ப கூட நின்னுருக்கேன். எழுந்து டி.வி.யத் தொட்டேன். பக்கத்து வீட்டம்மா, 'பாவம் கேப்டனு'ன்னு அழறா." ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டாள். "உக்காருங்க. மத்தவங்க யாரும் வர்லியா?"

"வரமாட்டாங்க. அவங்களுக்கு இப்ப ஒண்ணும் உறுத்தலை." தொப்பியைப் பற்றி, முள்ளைப் பற்றி, எல்லாவற்றையும் செண்பகவல்லி சொன்னாள். பூமயில் கடைசிவரை கேட்டாள்.

"உங்களுக்கு?"

"நான் உக்காரலை."

"கனவு வருதா?"

"தினமும் வருது. பின்னாடி நின்னு நான் எழுதறதைப் படிக்கிறார்."

பூமயில் தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்து, வழக்குக் காகிதங்கள் இருந்த பிளாஸ்டிக் பையையும் ஒரு பேனாவையும் எடுத்து நீட்டினாள்.

"வரட்டும்" என்றாள். "கேஸ் முடியிற வரைக்கும் வரட்டும். எழுதுங்க."